தள்ளிவிட்ட கரங்கள்

இலண்டன் மாநகரில் பார்வையற்றோர் பள்ளி ஒன்று. பியானோ வாசித்துக்கொண்டிருந்த ஆசிரியர் ஆடம் ஓக்கல்ஃபோர்டை ஒரு சிறுவன் தள்ளிவிட்டு, கைகளாலும் முழங்கைகளாலும் கட்டைகளை அறைந்தான். அவன்தான் டெரக் பாராவிச்சினி. 1979இல், 25 வாரக் கருவாகவே பிறந்து கண்ணொளி இழந்தவன், ஆட்டிசம் உடையவன். பிறர் வாசிப்பதைக் கண்டறியாதவனுக்கு விரல்முறை எங்ஙனம் தெரியும்? நானாயின் கதவைச் சாத்தியிருப்பேன். ஆசிரியரோ அவ்வோசைக்குள் ஒரு பாட்டைக் கேட்டார்!

அவனைத் தூக்கி அறையின் மறுகோடியில் விடுவார்; அவன் ஓடி வருமுன் சில சுரங்களை வாசிப்பார். அவன் வந்து அவற்றையே திருப்பி வாசிப்பான். பாடம் இவ்வாறு ஓட்டத்திலேயே நடந்தது. விரல்கள் பழகப் பல ஆண்டுகள் ஆயின.

ஒன்பதாம் வயதில் பார்பிகன் அரங்கில், பெரிய இசைக்குழுவுடன் வாசித்தான். 2013இல் கலிபோர்னியாவில் இருவரும் ஒரே மேடை ஏறினர். ஆசிரியர் பேசினார், டெரக் வாசித்தார்.