சேதுக்கரைத் தோணிக்காரர்



இல்லறமும் தொழிலும் என்னும் பொருள்பற்றி இத்திருவிழாப் பந்தலிலே பேசுமாறு விழாக் குழுவினர் எம்மைப் பணித்துள்ளனர். இப்பொருளுக்குச் சான்று தேடி யாம் அலைய வேண்டியதில்லை. வேண்டுமளவு சேக்கிழார் பெருமான் வைத்துச் சென்றிருக்கிறார். தில்லையிலே மட்கலம் வனைந்தவர் திருநீலகண்டர். நாகைக் கடலிலே வலை வீசியவர் அதிபத்தர். கச்சியிலே அடியார் ஆடையை வெளுத்தவர் திருக்குறிப்புத் தொண்டர். ஒற்றியூரிலே செக்காட்டி விளக்கெரித்தவர் கலியர். இவருள் ஒருவரேனும் தொழிலைத் துறந்து ஈசனைத் தேடிக் காடு புகுந்தவரல்லர். சக்கரத்தையும் வலையையும் செக்கையும் விடாமலே அவர்கள் கரையேறினர்.

அவ்வரலாறுகளை நீங்கள் ஆண்டுதோறும் கேட்டு வருகிறீர்கள். கேட்டுக் கேட்டு, அவையெல்லாம் எங்கோ எப்போதோ நிகழ்ந்தவை, நமக்கும் நம் பிழைப்புக்கும் எட்டாதவை என்னும் எண்ணமும் சிலருக்கு உண்டாகிவிடுகிறது. ஆதலின் இன்று யாம் எடுத்துக்கொண்டவர் இந்தக் கடற்கரையைச் சேர்ந்தவர். உங்களுள் முதியோர் சிலர் அவரைக் கண்டிருத்தலும் கூடும். இராமேசுவரம் பள்ளிவாசல் தெருவிலே வாழ்ந்து, 1976-ஆம் ஆண்டிலே, தமது 102-ஆம் வயதிலே மறைந்த ஜைனுலாப்தீன் அவர்கள். குடியரசுத் தலைவராக விளங்கிய அப்துல் கலாம் அவர்களின் தந்தையார்.

சைவ மேடையிலே இசுலாமியப் பெரியவர் ஒருவரின் வரலாறா என்று எவருக்கேனும் நெற்றி சுருங்கினால், அவர் ஏர்வாடியை மறந்தவராவார். இவ்வூர்ச் சந்தனக்கூட்டுக்கு வருவோருள் நெற்றியிலே நீறணிந்தோர் எத்தனை பேர் என்பதை நீங்களே அறிவீர்கள். இராமநாதர் திருக்கோயிலிலே பிராகாரம் எழுப்பிய சேதுபதிகளின் கைதான் இவ்வூர்த் தர்காவுக்கும் நிலம் விட்டது. அப்பாலும் அடிச்சார்ந்தார் என்று ஒரு தொகையடியாரைச் சுந்தரர் வைத்திருக்கிறார் அல்லவா என்று கற்றோர் கேட்கலாம். அத்தொகையிலே இவரைச் சேர்ப்பதும் எம் கருத்தன்று. அவர் தம் மார்க்கத்திலே உறுதியாக நின்றவர். பள்ளிவாசலிலே தொழுகை நடத்தியவர். அவரை அவராகவே வைத்துப் பேசுவதுதான் அவருக்கு நாம் செய்யும் மரியாதை.

அவர் முன்னோர் மரக்கலம் ஓட்டிய மரைக்காயர், செல்வர். இலங்கைக்கும் இக்கரைக்கும் பண்டம் ஏற்றியும், பாம்பனுக்கு யாத்திரிகரைக் கடத்தியும் பொருளீட்டியவர். 1914-ஆம் ஆண்டிலே பாம்பன் கடலின்மேல் புகைவண்டிப் பாலம் திறக்கப்பட்டது. பாலம் வந்தபின் தோணிக்கு வேலை ஏது? குடும்பச் செல்வம் படிப்படியாகக் கரைந்தது. அப்போது ஜைனுலாப்தீனுக்கு ஏறத்தாழ நாற்பது வயது. (2025 ஏப்ரலிலே அங்கே புதிய பாலமும் திறக்கப்பட்டுவிட்டது. பழைய பாலத்தினால் பிழைப்பிழந்த குடும்பங்களைப் பற்றி யார் நினைக்கிறார்கள்?) நாற்பது வயதிலே குலத்தொழில் சரிவதைக் கண்டவர் மனம் கசந்து திண்ணையிலே அமர்ந்துவிடலாம். அப்படி அமர்ந்தவரை யாம் பல ஊர்களிலே கண்டிருக்கிறோம். இவர் அமரவில்லை.

விடியற்காலை நான்கு மணிக்கு எழுவார். தொழுகை முடிந்ததும், நான்கு மைல் தொலைவிலிருந்த சிறு தென்னந்தோப்புக்கு நடந்தே செல்வார். பத்துப் பன்னிரண்டு தேங்காய்களைத் தோளிலே சுமந்து திரும்புவார். அதன் பின்னரே காலை உணவு. அறுபது வயதைக் கடந்து எழுபதை நெருங்கியபோதும் இந்நடை நிற்கவில்லை என்று அவர் திருமகனார் எழுதியிருக்கிறார். நாமோ கோயிலுக்கு நான்கு தெரு நடக்க வண்டி தேடுகிறோம்!

பின்னர் அவர் யாத்திரிகரைத் தனுஷ்கோடிக்கு ஏற்றிச் செல்ல மரத்தோணி ஒன்று கட்டத் தொடங்கினார். உறவினரான அகமது ஜலாலுதீன் துணை நின்றார். கடற்கரையிலே விறகுத் தீ மூட்டி, அந்தச் சூட்டிலே மரத்தைப் பதப்படுத்தி, கொஞ்சம் கொஞ்சமாக அத்தோணி உருவாயிற்று. சிறுவன் கலாம் அருகிருந்து பார்த்தான். பிற்காலத்திலே ஏவுகலம் செய்த கைக்கு முதற்பள்ளி அக்கடற்கரைதான் என்று யாம் கருதுகிறோம்.

இங்கே சற்று நின்று எண்ணிப் பாருங்கள். அத்தோணியிலே ஏறியவர் யார்? காசியிலிருந்தும் கன்னியாகுமரியிலிருந்தும் சேதுவிலே தீர்த்தமாட வந்த நம்மவர். இராமநாதரைத் தரிசித்துத் தனுஷ்கோடியிலே நீராடினாலன்றி யாத்திரை நிறைவுறாது என்பது மரபு. அந்நிறைவுக்குத் துடுப்புப் போட்டவர் ஐவேளை தொழும் ஒரு முஸ்லிம். கூலிக்குத்தானே செய்தார் என்று கூறலாம். ஆம், கூலிக்குத்தான். திருநீலகண்டரும் மட்கலம் விற்றுத்தான் உண்டார். கூலி பெற்றதனால் தொண்டு குறைந்துவிடாது. சீதா கல்யாண உற்சவத்தின்போது, இராம தீர்த்தத்தின் நடுவேயுள்ள மணவிழா இடத்திற்கு உற்சவ மூர்த்திகளை எழுந்தருளச் செய்ய மேடையிட்ட தோணிகளை ஏற்பாடு செய்ததும் அக்குடும்பமே.

தொழில் நன்றாகவே நடந்தது. பின்னர் ஒரு புயல் வந்து தோணியைக் கொண்டுபோயிற்று. கடன்பட்டும் உடல் வருந்தியும் கட்டிய ஒன்று ஓரிரவிலே இல்லை. சித்தாந்தம் இருவினையொப்பு என்று ஒன்றைக் கூறும். வந்ததிலே குதியாமலும் போனதிலே குலையாமலும் நிற்கும் நிலை அது. நூலிலே படிக்க அது எளிது. தோணி இல்லாத கரையிலே, பெரிய குடும்பத்தை வைத்துக்கொண்டு நிற்பதுதான் அரிது. அவர் நின்றார். நாளடைவிலே வேறொரு தோணி வந்தது, யாத்திரிகரும் வந்தனர். பின்னர் 1964 டிசம்பரிலே வந்த பெரும்புயல் தனுஷ்கோடி ஊரையே அழித்துவிட்டதை நீங்கள் அறிவீர்கள்.

இனி அவர் வீடு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலே சுண்ணாம்பும் செங்கல்லுமாகக் கட்டப்பட்ட பழைய வீடு அது. அம்மனையிலே ஆஷியம்மா என்னும் அம்மையார் அன்றாடம் எத்தனை பேருக்கு அன்னமிட்டார் என்பதற்குக் கணக்கில்லை. வீட்டாரைவிட விருந்தினரே மிகுதி என்று மகனார் நினைவுகூர்கிறார். மாலைத் தொழுகை முடிந்து அவர் வெளியே வரும்போது, பல சமயத்தாரும் கிண்ணத்திலே நீரேந்தி வாயிலிலே நிற்பர். அவர் விரல்நுனியை அந்நீரிலே தோய்த்துப் பிரார்த்திப்பார். அது நோயாளிக்குக் கொண்டுசெல்லப்படும். நலம்பெற்றோர் நன்றிகூற வந்தால், நன்றியை இறைவனுக்குச் சொல்லுங்கள் என்று அனுப்பிவிடுவார். தமக்கென்று ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை.

நாடு விடுதலை பெற்ற அணித்தே இராமேசுவரம் பஞ்சாயத்துக்குத் தேர்தல் நடந்தது. அவரை உறுப்பினராக்கிய ஊர், அன்றே தலைவராகவும் ஆக்கிற்று. ஒரு நாள் மாலை அவர் தொழுகைக்குப் போயிருந்தார். மகன் விளக்கருகே உரக்கப் படித்துக்கொண்டிருந்தான். வந்தவர் ஒருவர், அப்பாவுக்கு ஒன்று கொண்டுவந்திருப்பதாகக் கூறினார். அன்னையாரும் தொழுகையிலே இருந்தமையால், கட்டிலிலே வைத்துவிட்டுப் போங்கள் என்றான் பிள்ளை. தந்தை வந்து பிரித்தார். விலையுயர்ந்த வேட்டி, அங்கவத்திரம், பழம், இனிப்பு, வைத்தவரின் பெயரெழுதிய சீட்டு! அதுவரை மகனை அடித்தறியாத கை அன்று அடித்தது. பையன் அஞ்சி அழுதான். தாயார் அணைத்துத் தேற்றினார். பின்னர் தந்தையும் அருகே வந்து தோளைத் தொட்டு, தம்மைக் கேளாமல் பரிசு எதையும் வாங்கலாகாது என்றும், பதவியிலிருப்பவனுக்கு வரும் பரிசு ஒரு நோக்கத்தோடுதான் வரும் என்றும் அன்பாக எடுத்துரைத்தார். ஏழைக் குடும்பம் அது. ஒரு புதுவேட்டி வேண்டாத வீடன்று. அடியார்களே, கோயிற் பொறுப்பிலும் ஊர்ப் பொறுப்பிலும் இருப்போர் இவ்விடத்தைச் சற்று ஊன்றிக் கேட்பீர்களாக.

இராமநாதர் கோயிலின் தலைமைக் குருக்கள் பட்சி இலட்சுமண சாஸ்திரியார் அவருக்கு உற்ற தோழர். தத்தம் மரபுக்குரிய உடையோடே இருவரும் அமர்ந்து இறைவனைப் பற்றிப் பேசுவர். போடல் என்னும் கிறித்தவப் பாதிரியாரும் உடன் அமர்வதுண்டு. சாஸ்திரியாரின் புதல்வன் இராமநாதனும் கலாமும் பள்ளியிலே ஒரே பலகையில் முன்வரிசை. புதிதாக வந்த ஆசிரியர் ஒருவர், தொப்பியணிந்த பிள்ளை பூணூற்பிள்ளையோடு இருத்தலைப் பொறாது கலாமைக் கடைசி வரிசைக்கு அனுப்பினார். இராமநாதன் கண்ணீர் விட்டான். செய்தி வீட்டை எட்டியது. சாஸ்திரியார் அவ்வாசிரியரை வரவழைத்து, பிஞ்சு உள்ளங்களிலே நஞ்சு தூவாதீர். மன்னிப்புக் கேளும், இன்றேல் ஊரைவிட்டுப் போம் என்னும் பொருள்படக் கடிந்தார். ஆசிரியர் திருந்தினார். சிவனைத் தீண்டிப் பூசித்த கையுடையவர் பேசிய பேச்சு அது. அன்று அவர் செய்ததும் சிவபூசையே என்பது எம் துணிபு.

மகன் மேற்படிப்புக்காக இராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளிக்குப் போக விரும்பியபோது, தாயுள்ளம் தயங்கிற்று. கடற்பறவை கூட்டை விட்டுத் தனியே பறக்கவில்லையா என்று கூறி விடைகொடுத்தவர் தந்தையே. பின்னர்ச் சென்னையிலே பொறியியல் பயில்வதற்குப் பணம் போதாதபோது, அக்காள் ஜொகரா தம் பொன் வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். ஒருவர் கல்வியைக் குடும்பமே சுமந்தது.

1976-இல் அப்பெரியவர் காலமானபோது பேரப்பிள்ளைகள் பதினைவர் இருந்தனர். மகனார் வந்து, நெடுநேரம் அன்னையாரோடு அமர்ந்திருந்தார். கணவர் வாழ்ந்த அவ்வீட்டை விட்டு வர அம்மையார் இசையவில்லை. சிறிது காலத்திலே அவரும் மறைந்தார். மூத்த மகனார் முத்து மீரா மரைக்காயர் அத்தெருவிலேயே வாழ்ந்து, 104-ஆம் வயதிலே, 2021 மார்ச்சிலே காலமானார். இளையவர் 2015 சூலை 27-இல் ஷில்லாங்கிலே மாணாக்கர்முன் உரையாற்றுகையிலே சாய்ந்தார். அவரை இராமேசுவரத்துக்கே கொண்டுவந்து, பேய்க்கரும்பிலே அடக்கம் செய்தனர்.

திருச்சிற்றம்பலம்.