மைதானத்தில் கற்றது ஊருக்கும் வேண்டும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் முன்னாள் வலைப்பந்து அணியினர் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



விளையாட்டு எமக்கு என்ன தந்தது என்று பேசும்படி விழாக் குழுவினர் எங்களைக் கேட்டார்கள். வென்ற கிண்ணங்களின் பெயர்களை வாசித்துவிட்டு இறங்கிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். ஆனால் அந்தக் கிண்ணங்களில் பெரும்பாலானவை 1995 இடப்பெயர்வில் தொலைந்து போய்விட்டன. தொலையாமல் எங்களிடம் மிஞ்சியிருப்பவை எங்களுக்குப் பயிற்சி தந்த ரீச்சர் பழக்கிய சில பழக்கங்கள். அவற்றைப் பற்றியும், அவற்றை நாங்கள் எங்கே கைவிட்டோம் என்பதைப் பற்றியும் பேச விரும்புகின்றோம். ரீச்சரின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. சொன்னால் அவருக்குப் பிடிக்காது என்பது அவரிடம் படித்த எல்லோருக்கும் தெரியும்.

வலைப்பந்து விளையாடாதவர்களுக்காக அதன் விதிகளில் சிலவற்றைச் சொல்கின்றோம். அணிக்கு ஏழு பேர். ஒவ்வொருவரும் தமது இடத்தைக் குறிக்கும் எழுத்தை மார்பிலும் முதுகிலும் அணிந்திருப்பார்கள். அந்த இடத்துக்குரிய எல்லையைத் தாண்டக் கூடாது. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓட முடியாது. மூன்று செக்கனுக்குள் அடுத்தவருக்குக் கொடுத்துவிட வேண்டும். மூன்று பகுதிகளாகப் பிரித்த ஆடுகளத்தில், ஒரு பகுதியை முழுதாகக் கடந்து போகும்படி பந்தை எறியவும் கூடாது. ஒவ்வொரு பகுதியிலும் யாராவது ஒருவர் தொட வேண்டும். கோல் சூட்டர், கோல் அற்றாக் ஆகிய இருவர் மட்டுமே வளையத்தினுள் பந்தைப் போடலாம்.

"பந்து உன்ர கையில இருக்கேக்க மூண்டு செக்கன் மட்டும்தான் பிள்ளை அது உன்ர. பிறகு அது அணியின்ர" என்பார் ரீச்சர். இதை நாங்கள் விளையாட்டு விதியாகவே கேட்டோம். பிற்காலத்தில்தான் அதன் பொருள் விளங்கியது. புன்னாலைக்கட்டுவனில் பிறந்த தர்ஜினி சிவலிங்கத்தை எல்லோருக்கும் தெரியும். 2009 இலும் 2018 இலும் இலங்கை ஆசியக் கிண்ணத்தை வென்றபோது வளையத்தின் கீழ் நின்றவர் அவர். 2019 இல் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் அதிக கோல்களைப் போட்டவரும் அவரே. அவ்வளவு உயரமும் குறியும் உள்ளவர்கூட, எதிரணியின் பக்கத்தில் இருக்கும் பந்தைத் தாமே போய் எடுத்து வர முடியாது. பின்னால் நிற்பவர்கள் ஒவ்வொருவராகக் கொண்டுவந்து கொடுத்தால்தான் கோல். நாங்கள் கைதட்டுவது கடைசியாகத் தொட்டவருக்கு மட்டும் என்பதை ரீச்சர் அடிக்கடி நினைவூட்டுவார்.

இரண்டாவது பாடம் தூரம். நாங்கள் விளையாடிய காலத்தில், பந்து வைத்திருப்பவரை மறிக்கும்போது மூன்று அடி விலகி நிற்க வேண்டியிருந்தது. கைகளை எவ்வளவு உயரத்துக்கும் தூக்கலாம், எவ்வளவு உயரத்துக்கும் பாயலாம். ஆனால் கிட்டப் போகக் கூடாது, தட்டக் கூடாது. ஒருவரை முழுமூச்சாக எதிர்க்கவும் வேண்டும், அவர் மேல் விரலும் படக் கூடாது. இதைப் பழக எங்களுக்கு இரண்டு வருடம் பிடித்தது.

மூன்றாவது, விசிலுக்கு மதிப்பு. மத்தியஸ்தர் பிழையாகத் தீர்ப்புச் சொன்னாலும் நின்று வாதாட அனுமதியில்லை. சந்தேகமிருந்தால் தலைவி மட்டும், இடைவேளையில், பணிவாகக் கேட்கலாம். நான்காவது, வாங்கில் இருப்பவர்களின் மரியாதை. மாற்று வீராங்கனைகளின் பெயரை ரீச்சர் முதலில் வாசிப்பார். தண்ணீரும் தோடம்பழமும் முதலில் அவர்களுக்கே.

இவை விளையாட்டுக்கு அப்பாலும் செல்லுபடியாகும் என்பதை 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதிக்குப் பிறகு நாங்கள் கண்டோம். அன்றிரவு மழையில் நாவற்குழிப் பக்கம் நகர்ந்த சனத்தோடு சனமாக நாங்களும் போனோம். எங்களில் நால்வரும் ரீச்சரும் தென்மராட்சியில் ஒரு பாடசாலையில் தற்செயலாகச் சந்தித்துக்கொண்டோம். வகுப்பறைகள், விறாந்தை, மரநிழல் எங்கும் குடும்பங்கள். இருந்ததோ ஒரேயொரு கிணறு. முதல் இரண்டு நாள் கிணற்றடியில் சண்டைதான். பலமுள்ளவர் அள்ளினார், மற்றவர் வாளியுடன் நின்றார்.

மூன்றாம் நாள் காலை ரீச்சர் எங்களைக் கூப்பிட்டு இடம் பிரித்தார். இருவர் அள்ள வேண்டும், ஒருவர் வரிசையைப் பார்க்க வேண்டும், ஒருவர் நடக்க முடியாதவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அரை மணிக்கொரு தடவை இடம் மாற வேண்டும். கைக்குழந்தை உள்ளவர்களுக்கும் வயோதிபருக்கும் முதலில்; அள்ளுபவர்களின் குடும்பங்களுக்குக் கடைசியில். எங்கள் தாய்மார் அதற்கு எங்களை ஏசினார்கள். வரிசையை மீறி வந்த ஓர் ஐயாவுக்கு முன்னால் எங்களில் ஒருத்தி மூன்று அடி தள்ளி, கைகளை விரித்துக்கொண்டு, ஒரு சொல்லும் பேசாமல் நின்றாள். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சிரித்து, வரிசையின் முடிவுக்குப் போனார். பத்து நாளில் எங்களுக்குப் பதிலாக வேறு பிள்ளைகள் அந்த வேலையைச் செய்தார்கள். பந்தைக் கொடுத்தாகிவிட்டது என்றார் ரீச்சர்.

1996 இல் வீடு திரும்பினோம். படித்தோம், தொழில் பார்த்தோம், மணமுடித்தோம், பலர் வெளிநாடு போனோம். அத்துடன் அந்தப் பழக்கங்களை மடித்து வைத்துவிட்டோம் என்பதை இந்த மேடையில் ஒப்புக்கொள்கின்றோம்.

கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் பின்வரிசையில் அமர்ந்து கையொப்பமிட்டுவிட்டு வருகின்றோம். வீதி விளக்கைப் பற்றியும் வாய்க்காலைப் பற்றியும் படலையடியில் பேசுகின்றோம், பிரதேச சபைக்கு ஒரு கடிதம் எழுதுவதில்லை. இந்த மௌனத்துக்குக் காரணம் உண்டு. யாழ் மாநகரின் முதற் பெண் முதல்வர் சரோஜினி யோகேஸ்வரன் பதவியேற்ற சில மாதங்களிலேயே, 1998 மே மாதத்தில் கொல்லப்பட்டார். "பொதுவேலை எங்களுக்கு வேண்டாம்" என்று அன்று அம்மாமார் சொன்னதில் பிழை காண முடியாது. ஆனால் அந்தப் பயத்துக்குக் காரணமிருந்த காலம் கடந்த பிறகும் நாங்கள் அதே வாங்கில் இருக்கின்றோம். உள்ளூராட்சி சபைகளில் நூற்றுக்கு இரண்டு பேரளவிலும் பெண்கள் இல்லாதிருந்த நாடு இது. நான்கில் ஒரு பங்கு பெண்களுக்கு என்ற சட்டத்தின்படி 2018 பெப்ரவரியில் முதற் தேர்தல் நடந்தது. பட்டியலை நிரப்பப் பெண்களைத் தேடி அலைந்தார்கள் என்று ஊரில் சிரித்தோம். தேடியவர்கள் எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். நாங்கள் கதவைச் சாத்தினோம்.

மறுபக்கம், பொறுப்பை எடுத்தவர்கள் விடுவதில்லை. கோயில் பரிபாலன சபை, சனசமூக நிலையம், மாதர் சங்கம் எங்கும் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுகிறவர்களைக் காண்கின்றோம். கருத்து வேறுபாடு வந்தால் மூன்று அடித் தூரம் மறந்துபோகிறது. அவர் குடும்பம், அவர் பிறந்த இடம் என்று எல்லாம் கூட்டத்துக்கு வந்துவிடுகிறது.

பொறுப்பு முடிந்தபின் என்ன செய்வது என்பதற்கு எங்கள் மண்ணிலேயே முன்மாதிரி இருக்கிறது. யாழ் மத்திய கல்லூரியின் மைந்தர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958 இல் ரோக்கியோவில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து, ஆசிய விளையாட்டுப் போட்டியில் இலங்கைக்கு முதலாவது தங்கப் பதக்கத்தை வென்றார். பின்னர் கலாநிதிப் பட்டம் பெற்றுக் கல்வியாளரானார். முதுமையிலும் இந்த மண்ணின் கல்விக்காகவும் விளையாட்டுக்காகவும் உழைத்தார்.

பயிற்றுவிப்பாளர் என்றால் எல்லோரும் எங்கள் ரீச்சரைப் போல இருப்பார்கள் என்றும் நாங்கள் சொல்லவில்லை. பிள்ளைகள் மேல் பயிற்றுவிப்பவருக்கு இருக்கும் அதிகாரம் பெரிது. ரீச்சர் அதற்குத் தாமே எல்லை போட்டிருந்தார். பயிற்சி எப்போதும் திறந்த மைதானத்தில், எந்தப் பெற்றோரும் வந்து பார்க்கலாம். வெளியூர் போட்டிக்குப் போனால் இன்னோர் ஆசிரியையும் ஒரு தாயும் கட்டாயம் உடன் வருவார்கள். ஒருத்தியை நீக்கினால் காரணத்தை அவளுக்கு நேரே சொல்வார். அதிகாரம் உள்ள எவரும், மைதானத்திலும் சரி சபையிலும் சரி, இப்படிக் கண்ணுக்கு முன்னால் நடக்க வேண்டும் என்று பிள்ளைகள் சிறுவயதிலேயே எதிர்பார்க்கப் பழகட்டும்.

பெற்றோரே, ஒன்பதாம் ஆண்டுடன் பிள்ளையை மைதானத்திலிருந்து மறித்து ரியூசனுக்கு அனுப்பும் வழக்கம் எங்கும் வந்துவிட்டது. பரீட்சையின் அருமை எங்களுக்கும் தெரியும். எங்கள் வீடுகளிலும் அதே அவசரம்தான். கிழமையில் இரண்டு பின்னேரங்களை மட்டும் உயர்தரம் வரை அவர்களுக்கு விட்டுவிடுங்கள். தோற்றபின் எதிரணிக்குக் கைகொடுக்க ரியூற்றரியில் பழக்க மாட்டார்கள்.

வெளிநாட்டிலிருக்கும் சகோதரிகளே, புதிய ஆடுகளம் அமைக்கப் பணம் தருகின்றீர்கள், நன்றி. தூர இடத்துப் பிள்ளைகளின் பஸ் காசு, சப்பாத்து, பயிற்சிக்குப் பிந்திய ஒரு நேரச் சாப்பாடு ஆகியவற்றுக்கும் ஒரு பங்கு ஒதுக்குங்கள். அவை இல்லாமல் நின்றுபோகும் பிள்ளைகள்தான் அதிகம். ரொறன்ரோவிலோ லண்டனிலோ நீங்கள் வாழும் இடத்துச் சபைக் கூட்டத்துக்கும் வருடத்தில் ஒரு தடவையாவது போய் வாருங்கள்.

கடைசியாக, பிறருக்குச் சொன்னதை நாங்களும் செய்ய வேண்டும். இந்த உரையைத் தயாரித்த எங்களில் மூவர் ஒன்பது வருடங்களாகச் செயற்குழுவில் இருக்கின்றோம். வருகிற பொதுக்கூட்டத்தில் மூவரும் விலகுகின்றோம். எவரும் தொடர்ந்து இரண்டு தவணைக்கு மேல் ஒரே பதவியில் இருக்கக் கூடாது என்ற திருத்தத்தையும் யாப்புக்கு முன்மொழிகின்றோம். எதிர்ப்பவர்கள் தாராளமாக எதிர்க்கலாம், மூன்று அடி தள்ளி நின்று.

பின்வரிசையில் இருக்கும் தங்கைமாரே, உங்கள் பெயர்களைச் செயலாளரிடம் கொடுங்கள். பந்து உங்களிடம் வருகிறது.