நெய்தற்குள் ஒரு முல்லை

(கீழவைப்பாரில் தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

  

வைப்பாறு கடலொடு கலக்கும் இடம் இது. ஆற்றின் பெயரே ஊர்ப்பெயராயிற்று; 'ஆறு' என்பது வாய்வழக்கில் 'ஆர்' எனத் திரிந்தது. கடலுள் கிடக்கும் 'பார்' என்பது வேறு. அது முத்துச்சிப்பி படிந்து வளரும் பாறைத்திட்டு. ஓசை ஒன்றே, பொருள் இரண்டு. அண்டை ஊரோ சிப்பிக்குளம். முத்தும் சங்கும் ஈன்ற கடற்கரை, தன் ஊர்ப்பெயர்களிலேயே தன் வரலாற்றைப் பொதிந்து வைத்திருக்கின்றது. தூத்துக்குடிக் கடலில் 1961-ஆம் ஆண்டோடு முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று. முத்து போயிற்று, பெயர் நிற்கின்றது. இன்று பேசப்படுவது முத்தைப் பற்றியன்று. முத்தினும் விலைமிக்கதாயினும் விலை பேசுவாரற்றுக் கிடக்கும் ஒரு பயிரைப் பற்றி.

தொல்காப்பியர் நிலத்தைப் பகுத்த முறை அறியாதார் இவ்வவையில் இரார். காடும் மேய்ச்சற் புல்வெளியும் முல்லை. கடலும் கடல்சார்ந்த இடமும் நெய்தல். முல்லைக்கு ஆயரும் ஆவினமும் உரியர், நெய்தலுக்குப் பரதவர். ஆனால் இக்கீழவைப்பார்க் கரையினின்று வள்ளத்தில் ஏறிச் சிறிது தொலைவு சென்று, நீர் தெளிந்த நாளில் குனிந்து நோக்குவார் காண்பது யாது? பச்சைப் பசும்புல்! கடலடி மணலில் வேரூன்றி, அலைக்கு அசைந்து, காற்றில் ஆடும் வயல்போல் ஆடும் புல்வெளி! அதனை மேய்வதற்கு ஓர் ஆவும் உண்டு. நூலோர் கடற்பசு என்பர். கடற்கரை மக்கள் ஆவுளியா என்பர். ஒரு நாளைக்கு முப்பது நாற்பது கிலோ புல்லை மேயும் அவ்விலங்கு, வேரொடு பறித்துத் தின்று செல்லும் வழியெல்லாம் ஏர் உழுத சால்போலத் தடம் விட்டுச் செல்லும். நெய்தலுக்குள் முல்லை! இலக்கணத்தார் திணைமயக்கம் என்று கூறியதை இயற்கை கடலடியில் இயற்றிக் காட்டுகின்றது.

இப்பயிரைப் பள்ளிப் பாடநூல் 'கடற்புல்' என்கின்றது. ஆங்கிலச் சொல்லை இரு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு தமிழ்ச்சொல் வைத்தால் கிடைப்பது அது. பிழையில்லை, ஆயினும் உயிரில்லை. இக்கரையின் மீனவர் இதனைத் 'தாழை' என்று அழைப்பர். கரையில் மணலைப் பற்றி நிற்பது தாழை. கடலுக்குள் மணலைப் பற்றி நிற்பதும் தாழை. நீண்டு தொங்கும் இலை இரண்டிற்கும் பொது. ஊசிபோல் உருண்ட இலையுடையது ஊசித்தாழை. பாசி இதனின் வேறு. கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்துப்பாசி, கட்டக்கோரை என்று அவற்றைத் தனித்தனியே பிரித்துப் பெயரிட்டு வைத்திருக்கின்றனர் பாசியெடுக்கும் மகளிர்.

இப்பகுப்பு எத்துணைக் கூர்மையானது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பாசிக்கு வேரில்லை, பூவில்லை, விதையில்லை. தாழைக்கோ வேர் உண்டு, மணலுக்குள் கிடைமட்டமாக ஓடும் தண்டு உண்டு, பூ உண்டு, விதை உண்டு. அதன் மகரந்தம் நூலிழைபோல் நீண்டு நீரிலேயே மிதந்து சென்று சூலைச் சேரும். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் நிலத்திலிருந்து மீண்டும் கடலுக்குள் இறங்கிய பூக்கும் செடியினம் இது. நிலைத்திணை நூலார் உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு கண்ட வேற்றுமையை, எழுத்தறியாத மீனவப் பெண் பெயரிலேயே பிரித்து வைத்தாள். தமிழில் அறிவியல் கூற இயலாது என்று இன்றும் பிதற்றுவார் உளர். அவர்கள் ஒருமுறை சிப்பிக்குளம் வந்து செல்வாராக!

இனி, இப்புல்வெளி எதற்கு உதவும் என்பதைப் பார்ப்போம். அதன் வேர் மணலைக் கட்டும். இலை அலையின் வேகத்தைத் தணிக்கும். மீன்குஞ்சும் இறாற்குஞ்சும் ஒளிந்து வளர்வது அங்கே. கடற்குதிரை வாலைச் சுற்றிப் பிடித்து நிற்பது அதன் தண்டில். பச்சை ஆமைக்கு அதுவே உணவு. வலையில் மீன் விழாத ஆண்டுகளில் மீனவர் வானைப் பார்க்கின்றனர். பார்க்க வேண்டியது கடலடியை.

இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள் இருந்தன. இத்தீவுகளையும் சூழ்ந்த கடலையும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அரசு அறிவித்தது. காரியாச்சல்லி, விலங்குச்சல்லி, புலுவினிச்சல்லி எனச் சில தீவுகளின் பெயர் 'சல்லி' என முடிவதைக் காண்க. சல்லி என்பது உடைந்த சிறுகல். இறந்த பவளம் உடைந்து, அலை ஒதுக்கி, குவிந்து உண்டான திட்டு என்பதைப் பெயரே கூறிவிடுகின்றது. சல்லியால் ஆன தீவைச் சுற்றியிருந்த பவளப்பாறையை வெட்டி எடுத்தால் தீவு என்னாகும்? சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்குமாக அது பல்லாண்டு வெட்டப்பட்டது. 2001-இல் பவளத்தைக் காட்டுயிர்ச் சட்டத்தின் முதற்பட்டியலில் சேர்த்தனர். 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னரே வெட்டுதல் அடங்கிற்று. அதற்குள் விலங்குச்சல்லியும் பூவரசன்பட்டியும் கடலுள் மூழ்கிவிட்டன. 1969-இல் ஏறத்தாழ 21 எக்டேர் பரப்பிருந்த காரியாச்சல்லியில் இன்று மூன்றில் ஒரு பங்கும் எஞ்சவில்லை. குமரிக்கண்டத்தைக் கடல் கொண்டது என்று மேடைதோறும் முழங்குவோர், கண்முன்னே கடல் கொள்ளும் இத்தீவுகளின் பெயரையேனும் அறிந்திருத்தல் வேண்டாவோ?

பாறை போனதும் அலைத்தடை போயிற்று, மணல் பெயர்ந்தது, தாழையும் பெயர்ந்தது. இழுவைமடி கடலடியை வழித்துச் சென்றது. வரப்பைக் கூடப் பாராமல் வயலை உழும் எருமைபோல், முளையும் முற்றலும் ஒன்றாகப் பறிக்கும் மடி அது. கழிவுநீரும் சேறும் கலங்கிக் கதிரவன் ஒளியைத் தடுத்தன. ஒளியின்றேல் தாழை இல்லை.

இந்நிலையில்தான் ஒரு நற்செயல் தொடங்கிற்று. தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் அழிந்த இடத்தில் தாழையை மீண்டும் நடலாயினர். முறை எளிது; உழைப்புப் பெரிது. செழித்த புல்வெளியிலிருந்து சிறிதளவே தண்டும் வேருமாக எடுக்கின்றனர். மிகுதியாக எடுத்தால் அவ்விடம் பாழாகும். கடல்நீரிலேயே நனைத்து வைத்து, காய்ந்து போகாமுன் சதுரச் சட்டங்களில் கட்டிய சணற்கயிற்றில் நாற்றை முடிகின்றனர். மூழ்குவோர் அச்சட்டத்தை எடுத்துக்கொண்டு கடலடியில் இறங்கி மணலோடு பொருத்துகின்றனர். சணல் மக்கும், அதற்குள் வேர் மணலைப் பற்றிக்கொள்ளும். தஞ்சை மாவட்டத்து வெளிவயலில் ஓம்கார் அமைப்பினர் பாக்கு நீரிணைப் பகுதியில் மூங்கிற் சட்டமும் தென்னங்கயிறும் கொண்டு இதையே செய்தனர். மூங்கிலும் தென்னையும்! தமிழ்நிலத்துப் பொருளால் தமிழ்க்கடல் செப்பமாகின்றது. அப்பாக்கு நீரிணையிலேயே 2022-இல் 448 சதுரக் கிலோமீட்டர்ப் பரப்பு, கடற்பசுக் காப்பகமாகத் தமிழ்நாட்டரசால் அறிவிக்கப்பெற்றது. காரியாச்சல்லியை மீட்பதற்கு உலகவங்கித் துணையோடு வகுத்த திட்டத்திலும், செயற்கைப் பாறைகளோடு தாழை நடவும் சேர்ந்துள்ளது.

நட்டால் விளையுமா என்று ஐயுறுவார்க்குப் பிறநாட்டுச் சான்று உண்டு. அமெரிக்காவின் விசுகான்சின் பல்கலைக்கழகத்தார் 1930-களில், உழுது ஓய்ந்த பண்ணை நிலத்தில் அந்நிலத்துக்கே உரிய புல்லையும் காட்டுப்பூவையும் கொணர்ந்து நட்டு, பழைய புல்வெளியை மீட்டனர். அது இன்றும் நிற்கின்றது. அதே நாட்டின் வர்சீனியாக் கடற்கரையில், 1930-களில் நோயாலும் புயலாலும் தாழையினம் ஒன்று அடியோடு அழிந்தது. எழுபது ஆண்டுகள் வெறுமணலாகக் கிடந்த அக்கழிகளில், 1999 முதல் ஏழு கோடிக்கும் மேற்பட்ட விதைகளைத் தூவினர். இருபதாண்டு கழித்து அளந்தபோது ஏறத்தாழ 9,000 ஏக்கர் பசுமை! அங்கே விதை; இங்கே நாற்று. உழவன் மரபுக்கு இரண்டும் புதியனவல்ல.

மற்றொன்றையும் மறைக்காமற் கூறவேண்டும். வேற்றுக்கடற் பாசியான கப்பாபைக்கசு 1990-களில் மண்டபம் பகுதியில் வளர்ப்புக்காக இறக்கப்பட்டது. விரைந்து வளரும், காசு தரும். 2008-இல் அது குருசடைத் தீவருகே உயிருள்ள பவளத்தின்மேல் படர்ந்து மூடியிருக்கக் கண்டனர். ஒளியை மறைத்துக் கீழுள்ளதைக் கொல்லும் பாய்போல் அது கிடந்தது. வேற்றுமொழிச் சொல்லும் இவ்வாறே விருந்தாக வந்து வீட்டை எழுதி வாங்கிக்கொள்ளும் என்பதைத் தனித்தமிழன்பர்க்கு விளக்க வேண்டுவதில்லை. ஆயின் அப்பாசியைக் கட்டி வளர்த்துப் பிழைக்கும் ஏழை மகளிரைப் பழித்தல் அறமன்று. பூங்கா எல்லை வகுத்துப் பாசியெடுக்கும் தீவுகளை அடைத்தபின், அவர்க்கு வேறு வழி காட்டியவர் எவர்?

இதில் தமிழறிஞர்க்கும் ஒரு குற்றப் பங்கு உண்டு. 1916-இல் மறைமலையடிகள் தனித்தமிழ்க் கொள்கையைத் தொடங்கிய நாள்தொட்டு, வடசொல்லைக் களையும் பணி ஊக்கத்தோடு நடந்தது, நன்று. களை எடுத்த வயலில் நாற்று நட்டார்களா? அகராதியைப் புரட்டி, மேசைமுன் அமர்ந்து, வேர்ச்சொல்லை ஒட்டி வெட்டிச் செய்த ஆக்கச்சொற்கள் ஆயிரம் உண்டு. அவற்றுட் பல, அச்சிட்ட ஏட்டைவிட்டு ஒருநாளும் வெளியே நடந்ததில்லை. அதே நேரத்தில், நீரோட்டத்துக்கும் காற்றுக்கும் மடிக்கும் மீனுக்கும் தாழைக்கும் மீனவர் நாவில் ஓடிய தூய தமிழ்ச்சொற்கள் கேட்பாரின்றி ஒவ்வொன்றாக இறந்தன. புலவர் கடற்கரைக்கு வந்தார், நெய்தற்பாட்டின் சுவையைக் கூறினார், திரும்பினார். வலை உலர்த்திக்கொண்டிருந்தவரிடம் ஒரு சொல்லைக் கேட்டுக் குறித்துக்கொண்டவர் எத்துணைப் பேர்?

சொல் இறந்தால் பொருளும் கண்ணுக்கு மறையும். 'தாழை' என்னும் சொல்லை அறிந்த தகப்பன், மடியில் அது சிக்கி வந்தால் மீன்குஞ்சின் வீடு போயிற்றென்று வருந்துவான். சொல்லறியாத மகன் குப்பை என்று உதறிப்போடுவான். நடவு செய்யும் ஆய்வாளர்க்கும் இது வேண்டுவதே: எந்த இடத்தில் எந்தத் தாழை முன்பு அடர்ந்து கிடந்தது என்பதை அறுபது எழுபது அகவை கடந்த மீனவர் நினைவைவிடத் துல்லியமாகக் கூறும் ஆவணம் வேறில்லை.

ஆதலின் இவ்வவைக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. கீழவைப்பார், சிப்பிக்குளம், வேம்பார், பட்டினமருதூர், தருவைகுளம் ஆகிய ஊர்ப் பள்ளிகளில் எட்டாம் வகுப்புக்கு மேற்பட்ட மாணவர் ஒவ்வொருவரும் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்க. வீட்டிலுள்ள தாத்தாவிடமும் பாட்டியிடமும் கேட்டு, தாழை, பாசி, பார் ஆகியவற்றின் பெயரும், அது கிடந்த இடமும், கண்ட பருவமும் எழுதுக. தூய தமிழோ அன்றோ என்று அங்கே அமர்ந்து ஆராய வேண்டா. கேட்டது கேட்டவாறே எழுதுக. கரையொதுங்கிய தாழையில் ஓர் இழையைக் காயவைத்து அப்பெயரின் அருகில் ஒட்டுக. ஏடுகள் தமிழாசிரியர் கையில் சேர்ந்தபின், ஊர்ப் பெரியவர் முன்னிலையில் ஒருமுறை படித்துத் திருத்தி, ஒரு படி நடவு செய்யும் ஆராய்ச்சியாளர்க்கும் மற்றொரு படி இவ்விதழுக்கும் விடுக்கப்படுமாயின், அடுத்த நடவுக்கு வள்ளம் புறப்படும்போது அப்பெயர்ப்பட்டியலும் உடன் செல்லும்.