கராஜுக்கு எந்த ஹீட்டர்?

கனடாவின் வின்னிபெக் நகரில் ஜனவரி இரவென்றால் மைனஸ் 20 டிகிரி செல்சியஸ் குளிர் சாதாரணம். அங்கே கராஜ் கார் நிற்கிற இடம் மட்டுமல்ல. பலருக்கு அதுதான் தச்சுப்பட்டறை. விரல் விறைத்துப்போனால் உளியைப் பிடிப்பது எப்படி? அதனால் ஹீட்டர் தேடுகிறார்கள்.

முதலில் பார்க்க வேண்டியது ஹீட்டரை அல்ல, கதவை. அகலமான அந்தக் கதவின் இடுக்குகளில்தான் சூடு கசியும். அடியில் ரப்பர் பட்டை, சுவரிலும் கூரையிலும் வெப்பக் காப்பு, இவை இல்லாவிட்டால் கட்டணம் ஏறும், குளிர் போகாது.

காப்பு நன்றாக உள்ள சிறிய கராஜில் எப்போதாவது வேலை என்றால் 240 வோல்ட்டில் ஓடும் 5,000 வாட் மின் ஹீட்டர் போதும். அகச்சிவப்பு ஹீட்டர் ஆளையும் தரையையும் நேரடியாகச் சூடாக்குவதால், கதவைத் திறந்து மூடினாலும் சூடு முழுக்க ஓடிவிடாது.

எரிவாயு ஹீட்டர் என்றால்தான் மிகுந்த கவனம் வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு படியும். அதனால்தான் தீப்பொறி எழும் பாகம் தரையிலிருந்து குறைந்தது 18 அங்குல உயரத்தில் இருக்க வேண்டும் என்கின்றன அமெரிக்கக் கட்டட விதிகள். புகைபோக்கி இல்லாத புரோபேன் ஹீட்டரை மூடிய கராஜில் தயவுசெய்து வைக்காதீர்கள். அது விடும் நீராவியில் கருவிகள் துருப்பிடிக்கும். அதைவிடப் பயங்கரம், நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு. வெளிக்காற்றை இழுத்து, புகையை வெளியே தள்ளும் வகையே நல்லது. வீட்டை ஒட்டிய கராஜானால், வீட்டுக்குள்ளும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று கட்டாயம் வேண்டும்.