வாளையாறு வரிசையும் தேனி கண் ஆஸ்பத்திரியும்

(நமது சபையின் உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘லீன்’ என்னும் நிர்வாக முறையைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னதும் நம் காரியதரிசியின் முகம் சற்று மாறிற்று. “அது பாக்டரிக்காரர்கள் சமாசாரம் அல்லவா, நமக்கு எதற்கு?” என்றார். நம் அங்கத்தினர்களில் பாதிப்பேர் என்னைப்போல் பென்ஷன்காரர்கள். பாங்கிலும் டிரஷரியிலும் ஆஸ்பத்திரியிலும் வரிசையில் நின்றே பொழுதைக் கழிக்கிறவர்கள். அந்த வரிசை ஏன் உண்டாகிறது, ஒரு தடவை குறைத்தால் ஏன் மறுபடி வளர்கிறது என்பதுதான் இந்த விஷயம். ஆகவே நமக்கு வேண்டியதுதான்.

கோயம்புத்தூருக்குக் கல்யாண ஜவுளிக்கோ வைத்தியத்துக்கோ போகாத பாலக்காட்டுக் குடும்பம் கிடையாது. 2017-க்கு முன் அந்த வழியில் போனவர்களுக்கு வாளையாறு செக்போஸ்டில் நின்ற லாரி வரிசை நினைவிருக்கும். காரில் போகிற நாம் ஓரமாகக் கடந்து போய்விடுவோம். லாரிக்காரர் அங்கேயே ஸ்டவ் பற்ற வைத்துச் சமைத்து, லாரிக்கு அடியிலேயே படுத்துத் தூங்குவார். வாளையாறு பெரியது. கோபாலபுரம், கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம், வேலந்தாவளம் எல்லாம் அதன் தம்பிகள். இடுக்கிப் பக்கம் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு. அங்கே மலைப்பாதை வேறு. நிறுத்தி வைக்க இடமே இல்லாத இடத்தில் நிறுத்தி வைப்பார்கள். கேரளம் காய்கறியிலிருந்து சிமெண்ட் வரை வெளியிலிருந்து வாங்கித் தின்கிற, வாங்கிக் கட்டுகிற மாநிலம். வாழையிலையும் தக்காளியும் வரிசையில் வாடினால் அந்த நஷ்டம் கடைசியில் நம் வீட்டு மளிகைக் கணக்கில்தான் வந்து விழும்.

நான் விஞ்ஞானப் பட்டதாரி ஆகையால் கொஞ்சம் கணக்கு சொல்லாமல் விட முடியாது. பொறுத்துக்கொள்ளுங்கள். ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1961-இல் ஒரு சின்னச் சூத்திரத்துக்கு நிரூபணம் கொடுத்தார். வரிசையில் நிற்பவர் எண்ணிக்கை என்பது, மணிக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதை ஒவ்வொருவரும் எத்தனை மணி நேரம் காத்திருக்கிறார் என்பதால் பெருக்கினால் கிடைப்பது. மணிக்கு 50 லாரி வருகிறது, 400 லாரி நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், கடைசி லாரியின் டிரைவரிடம் கேட்கவே வேண்டாம், சராசரிக் காத்திருப்பு 8 மணி.

இதைவிட ருசியான இன்னொரு கணக்கு உண்டு. ஒரே கவுண்டர், வருகிறவர்களும் ஒழுங்காக இடைவெளி விட்டு வருவதில்லை, ஒவ்வொருவருக்கும் ஆகிற நேரமும் ஒன்றல்ல. அந்த குமாஸ்தா தன் நேரத்தில் 80 சதவிகிதம் வேலையில் இருந்தால், கவுண்டரில் நிற்பவரையும் சேர்த்து சராசரி 4 பேர் இருப்பார்கள். 90 சதவிகிதம் என்றால் 9 பேர். 95 என்றால் 19. குமாஸ்தாவின் வேலை கொஞ்சம்தான் கூடிற்று, வரிசை ஐந்து மடங்குக்குக் கிட்டத்தட்ட ஆகிவிட்டது. நம் மேலதிகாரிகள் சும்மா உட்கார்ந்திருக்கும் குமாஸ்தாவைக் கண்டால் கோபப்படுவார்கள். வாசலில் நிற்கிற 19 பேர் அவர்கள் கண்ணில் படமாட்டார்கள். அவர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டாமே!

டொயோட்டா கம்பெனியில் டாயிச்சி ஓனோ என்ற இன்ஜினியர் இரண்டாம் உலகப் போருக்குப் பின் இதைத்தான் திருப்பிப் பார்த்தார். யந்திரம் சும்மா நிற்கிறதா என்று பாராதே, பொருள் சும்மா நிற்கிறதா என்று பார் என்றார். விரயத்துக்கு ஜப்பானிய பாஷையில் ‘மூடா’ என்று பெயர். நம் காதுக்கு யாரையோ திட்டுவது போலக் கேட்கும், பொருத்தம்தான். தேவைக்கு மேல் செய்வது, காத்திருத்தல், வீணாகச் சுமந்து திரிதல், வேண்டாத வேலை, தேங்கிய சரக்கு, வீண் நடமாட்டம், பிழையான பொருள் என்று ஏழு வகை விரயம் சொன்னார். பிற்பாடு 1988-இல் ஜான் கிராஃப்சிக் என்ற அமெரிக்கர் இந்த முறைக்கு ‘லீன்’ என்று பெயர் வைத்தார். சதைப்பிடிப்பு இல்லாத உடம்பு என்கிற அர்த்தத்தில்.

வாளையாற்றுக்கு வருவோம். 2006-இல் வந்த அரசில் நிதியமைச்சராக இருந்த தாமஸ் ஐசக் ‘அழிமதி இல்லாத வாளையாறு’ என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். லஞ்சத்தை ஒழிப்பது முக்கிய நோக்கம். கண்காணிப்பு வந்தது, வசதிகள் கூடின, வரி வசூலும் உயர்ந்ததாக அரசே சொல்லிற்று. பின்னால் லாரி வருமுன்பே சரக்கு விவரத்தை இன்டர்நெட்டில் பதிவு செய்யும் ஏற்பாடும் வந்தது. எல்லாம் நல்ல காரியங்கள், குறை சொல்வதற்கில்லை. இருந்தும் 2010-க்குப் பின்னும் வரிசை இருந்தது, லாரி உரிமையாளர்கள் போராட்டம் நடத்திய வருஷங்களும் உண்டு. ஏன்? ஒவ்வொரு லாரியையும் நிறுத்திக் காகிதம் பார்த்துத்தான் ஆகவேண்டும் என்ற அடிப்படை மாறவில்லை. அந்த வேலையை வேகமாகச் செய்யப் பார்த்தார்கள். லாரிகள் எண்ணிக்கை கூடக்கூட, நான் சொன்ன 80-லிருந்து 95 கதை மறுபடி ஆரம்பித்துவிட்டது.

நிறுத்தியதற்கு ஒரு நியாயம் இருந்தது. பழைய வரிமுறையில் வெளிமாநிலச் சரக்கு உள்ளே வந்ததைப் பதிவு செய்யாவிட்டால், அதன் விற்பனை மேல் கேரளத்துக்கு வரவேண்டிய வரி தவறிப்போகும். எல்லைதான் அதைப் பிடிக்கும் இடம். 1-7-2017 அன்று ஜி.எஸ்.டி. வந்ததும் இந்த நியாயம் போயிற்று. விற்றவரின் பில்லே சரக்கு எந்த மாநிலத்துக்குப் போகிறது என்று சொல்லிவிடும், வரியும் அந்த மாநிலத்துக்குப் போய்விடும். 2018 ஏப்ரல் 1 முதல் மாநிலம் விட்டு மாநிலம் போகும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில் கட்டாயமாயிற்று. அதைப் புறப்படும் இடத்திலேயே எடுத்துக்கொள்கிறார்கள். சந்தேகம் வந்தால் வழியில் எங்கேயும் நிறுத்திப் பார்க்கலாம், எல்லோரையும் நிறுத்த வேண்டாம். பத்து வருஷம் கவுண்டரைச் சீர்திருத்தியதால் தீராத வரிசை, கவுண்டரே வேண்டாம் என்றானதும் தீர்ந்தது. ஜி.எஸ்.டி.யைப் பற்றி வியாபாரிகளுக்கு ஆயிரம் மனத்தாங்கல் இருக்கலாம், நான் அதற்குள் போகவில்லை. இந்த ஒரு விஷயத்தில் லாபம் நிலைத்துவிட்டது. இல்லாத கவுண்டரில் யார் வரிசையைத் திரும்பக் கொண்டுவர முடியும்?

எடுக்காமல் விட்ட வேலை என்ன ஆகும் என்பதற்கும் அதே எல்லையில் உதாரணம் இருக்கிறது. வணிகவரிச் சாவடி போனபின்னும் மோட்டார் வாகன இலாகாவின் செக்போஸ்ட்கள் நின்றன. பெர்மிட்டும் வரியும் ஆன்லைனில் கட்டும் வசதி வந்தபின்னும் நின்றன. 2025 ஜனவரியில் பாலக்காட்டு எல்லையில் உள்ள அந்தச் சாவடிகளில் விஜிலன்ஸ்காரர்கள் சோதனை போட்டுக் கணக்கில் வராத பணத்தைப் பிடித்த செய்தி பத்திரிகைகளில் வந்தது. வேலைக்கு அவசியம் போனபின் சாவடி மட்டும் நின்றால் அங்கே வேறு வேலை முளைத்துவிடும்.

இனி இதன் மறுபக்கம். நான் உத்தியோகம் பார்த்த ஓர் அலுவலகம், பெயர் வேண்டாம். ஒரு பயணப்படி பில் ஏழு மேஜை தாண்டிப் பாஸாக இரண்டு மாதம் ஆகும். கணக்குப் பார்த்ததில் ஏழு மேஜையிலும் சேர்த்து அதன்மேல் உண்மையில் நடக்கிற வேலை ஒரு மணிக்கும் குறைவு. மீதி எல்லாம் டிரேயில் தூக்கம். ஒவ்வொரு பைலிலும் மஞ்சள் சீட்டு ஒட்டி, வந்த தேதியும் போன தேதியும் அந்தந்த மேஜைக்காரரே எழுதும்படி செய்தோம். சனிக்கிழமை எல்லோரும் கூடி, எங்கே அதிகம் நின்றது என்று மட்டும் பார்ப்போம், யாரையும் திட்டுவதில்லை. மூன்று மாதத்தில் பில் பத்து நாளில் பாஸாகத் தொடங்கியது. பிறகு பலருக்கு மாற்றலாயிற்று, எனக்கும்தான். சில வருஷம் கழித்து ஒரு வேலையாக அங்கே போனேன். மஞ்சள் சீட்டு இருந்தது! சனிக்கிழமைக் கூட்டம் இல்லை. மாதக் கடைசியில் ஒருவர் உட்கார்ந்து எல்லாச் சீட்டிலும் தேதிகளை ஒரே பேனாவால் நிரப்பிக்கொண்டிருந்தார். ‘எதற்கு ஸார் இது?’ என்று கேட்டேன். ‘ஆடிட்டுக்கு வேணும்’ என்றார். பில் பழையபடி இரண்டு மாதம், சீட்டு எழுதுகிற வேலை உபரி. எட்டாவது மூடா என்று அதைச் சொல்ல வேண்டும்.

ஜப்பானியர் பணியிட ஒழுங்குக்கு ஐந்து ‘எஸ்’ சொல்வார்கள். வேண்டாததை நீக்கு, இருப்பதை இடத்தில் வை, துடை, இவற்றை விதியாக்கு. ஐந்தாவது ‘ஷிட்சுகே’, நியமம். முதல் நான்கு நம் கல்யாண தேஹண்டக்காரர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. அவர்கள் கலவறையில் வெல்லம் எங்கே, புளி எங்கே என்று இருட்டிலும் கை போகும். கஷ்டம் ஐந்தாவதில். சென்னை சுந்தரம் கிளேட்டனின் பிரேக்ஸ் பிரிவு 1998-இல் டெமிங் பரிசு வாங்கியது, இந்தியாவில் அதுவே முதல். ஜப்பானியர் அதோடு விடுவதில்லை. பரிசு வாங்கிச் சில வருஷங்களுக்குப் பின்னும் தரத்தைக் காத்து மேலே போனவர்களுக்கென்று ‘ஜப்பான் குவாலிட்டி மெடல்’ என்று தனியாக வைத்திருக்கிறார்கள். அதையும் அந்தப் பிரிவு 2002-இல் வாங்கியது.

சரி, செக்போஸ்ட்டை எடுத்துவிடலாம். எடுக்கவே முடியாத வேலையை என்ன செய்வது? கண்புரை ஆபரேஷனை இ-பில்லாக ஆக்க முடியாதே.

குமுளியிலிருந்தும் போடிமெட்டிலிருந்தும் மலையிறங்கினால் தேனி. அங்கே அரவிந்த் கண் ஆஸ்பத்திரியின் கிளை இருக்கிறது. இடுக்கித் தோட்டத் தொழிலாளிகள் பலர் கண்ணுக்கு அங்கேதான் போகிறார்கள். மூல ஆஸ்பத்திரி மதுரையில். டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசு உத்தியோகத்தில் 58 வயதில் ஓய்வு பெற்று, 1976-இல் 11 படுக்கையுடன் தொடங்கினார். கீல்வாதத்தால் விரல்கள் கோணிப்போன மனிதர், அந்தக் கையால் பல்லாயிரம் ஆபரேஷன் செய்தவர். (ஓய்வு பெற்றபின் என்ன செய்வது என்று அலுத்துக்கொள்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கவும்.)

அங்கே சர்ஜனுக்கு இரண்டு மேஜை. ஒன்றில் ஆபரேஷன் நடக்கும்போதே அடுத்த மேஜையில் அடுத்த நோயாளி தயாராகப் படுத்திருப்பார். முடிந்ததும் மைக்ராஸ்கோப் இந்தப் பக்கம் திரும்பும், சர்ஜனும் திரும்புவார். கண்ணைத் துடைப்பது, மருந்து போடுவது, கட்டுவது எல்லாம் கிராமத்துப் பெண்களுக்கு இரண்டு வருஷம் பயிற்சி கொடுத்து ஒப்படைத்த வேலை. சர்ஜன் செய்தே தீரவேண்டியதை மட்டும் சர்ஜன் செய்கிறார். ஆகையால் ஒருவர் வருஷத்துக்கு 2,000 ஆபரேஷன் வரை செய்ய முடிகிறது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை இறக்குமதி செய்தால் விலை கட்டாது என்று 1992-இல் ஆரோலாப் தொடங்கித் தாங்களே செய்தார்கள். பணம் கொடுப்பவரும் உண்டு, இலவசமாகவோ சலுகையிலோ செய்துகொள்பவரும் ஏராளம்.

வேகமாகச் செய்தால் தரம் கெடாதா என்று கேட்பீர்கள். எந்த சர்ஜனின் நோயாளிக்கு என்ன சிக்கல் வந்தது என்று பதிந்து, சர்ஜன் வாரியாகக் கணக்கெடுத்து அவரிடமே காட்டுகிறார்கள். என் மஞ்சள் சீட்டுக்கும் இதற்கும் இதுதான் வித்தியாசம். அங்கே எழுதப்படும் எண்ணை எழுதினவரே பார்க்கிறார், பார்த்து மறுநாள் கையை மாற்றிக்கொள்கிறார். ஆடிட்டுக்காக எழுதுவதில்லை. தொடங்கியவர் 2006-இல் காலமானார். அதன்பிறகும் முறை நடந்துகொண்டிருக்கிறது.

கடைசியாக நம் சபைக்கு ஒரு வேண்டுகோள். நவம்பர் தோறும் நாம் உயிரோடு இருக்கிறோம் என்று நிரூபிக்க வேண்டியிருக்கிறது. 10-11-2014 முதல் ‘ஜீவன் பிரமாண்’ வந்தது, விரல் ரேகை வைத்தால் போதும் என்றார்கள். எழுபது தாண்டியவர்கள் பலருக்கு ரேகை தேய்ந்து போயிருக்கும், மெஷின் ஒப்புக்கொள்ளாது, மறுபடி பாங்க் மாடிப்படி. 2021 நவம்பரில் முகத்தைப் போனில் காட்டிச் செய்யும் வசதி வந்தது. மத்திய அரசு பென்ஷன்காரர்களில் 80 வயது ஆனவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். அந்த மாடிப்படியையே இனி ஏற வேண்டாம். போன் கையாளத் தெரிந்த இரண்டு பேர் வீடு வீடாகப் போனால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஓர் அக்ரஹாரம் முடிந்துவிடும்.

இந்த வருஷம் உற்சாகமாகச் செய்து அடுத்த வருஷம் மறந்துபோகக் கூடாது. ஆகவே ஒவ்வொரு அக்டோபரிலும் யார் பொறுப்பு என்று இன்றைக்கே பெயர் எழுதிவிடுவோம். போன வருஷம் எத்தனை பேர் பாங்குக்கு நடந்தார்கள் என்ற எண்ணும் அதே நோட்டில் இருக்கட்டும். நோட்டு வாசலில் காப்பி மேஜைமேல் இருக்கிறது. ரேகை விழாதவர்களும் படியேற முடியாதவர்களும் போகும்போது பெயர், தெரு, வீட்டு நம்பர் மட்டும் எழுதிவிட்டுப் போங்கள். ஆதார் நம்பரோ ஓ.டி.பி.யோ யாரும் எழுத வேண்டாம், யார் கேட்டாலும் சொல்லவும் வேண்டாம்.