கன்யாசுல்கம்: கிணற்றுக் காட்சியை வெட்டலாமா?

(சங்கத்தின் திருப்பதி கிளைக் கூட்டத்தில் சித்தூர் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)

ஆண்டு விழாவுக்கு நம் குழந்தைகள் குரஜாட அப்பாராவின் ‘கன்யாசுல்கம்’ நாடகத்தைத் தமிழில் போடப் போகிறார்கள். “நம்மவாளையே கேலி பண்ற நாடகம் நமக்கு எதுக்கு?” என்று சில மாமாக்கள் கேட்டார்கள். வேறு சிலர், “போடட்டும், ஆனால் காமெடி மட்டும் இருக்கட்டும், விழா நாளில் அழுகை வேண்டாம்” என்றார்கள். எனக்குக் கவலை இந்த இரண்டாவது யோசனையைப் பற்றித்தான்.

வீட்டில் தமிழும் வாசலில் தெலுங்கும் பேசி வளர்ந்த நமக்கு இந்த நாடகம் அந்நியமில்லை. கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அக்னிஹோத்ராவதானி மூத்த பெண் புச்சம்மாவைப் பணம் வாங்கிக்கொண்டு ஒரு கிழவருக்குக் கொடுத்தார். அவள் சின்ன வயதிலேயே விதவையாகி வீட்டோடு இருக்கிறாள். இப்போது இளையவள் சுப்பியை லுப்தாவதானி என்ற இன்னொரு கிழவருக்கு விற்கப் பேரம் நடக்கிறது. தாயார் வெங்கம்மா தாங்க முடியாமல் கிணற்றில் குதிக்கிறாள், தூக்கிக் காப்பாற்றுகிறார்கள். அவளுடைய சகோதரர் கரடக சாஸ்திரி, தன் சிஷ்யப் பையனுக்குப் பெண் வேஷம் போட்டு அந்தக் கிழவருக்கே கல்யாணம் செய்து வைக்கிறார். அரங்கமே அதிரும் இடம் அது. ஆனால் அந்தச் சிரிப்புக்குக் காரணம் கிணறு. கிணற்றை எடுத்துவிட்டால் ஒரு பையன் புடவை கட்டிக்கொண்ட கூத்துதான் மிச்சம்.

நாடகம் முதலில் 1892-ல் விஜயநகரத்தில் மேடையேறியது. 1897-ல் அச்சான புத்தகத்தின் முன்னுரையில் ஆசிரியர் ஒரு கணக்குக் கொடுக்கிறார். விசாகப்பட்டினம் ஜில்லாவில் பிராமணக் குடும்பங்களில் சுல்கம் வாங்கி நடந்த கல்யாணங்களை மகாராஜா ஆனந்த கஜபதி பட்டியல் எடுக்கச் சொன்னாராம். மூன்று வருஷத்தில் 1034. அதில் ஐந்து வயதுப் பெண்கள் 99 பேர். இரண்டு வயதில் 6 பேர். ஒரு வயதில் 3 பேர். அந்த ஒரு வயதுக் குழந்தைகளுக்கு விலை 350 முதல் 400 ரூபாய். கையில் இதை வைத்துக்கொண்டு அவர் கோபமாகக் கட்டுரை எழுதியிருக்கலாம். ஹாஸ்ய நாடகம் எழுதினார். திட்டியிருந்தால் ஜனங்கள் கதவைச் சாத்தியிருப்பார்கள் என்பது என் அபிப்பிராயம்.

முழு நாடகத்தையும் நடித்தால் எட்டு மணி நேரம் ஆகும் என்பார்கள். ஆகவே வெட்டாமல் முடியாது. அதை நான் மறுக்கவில்லை. 1950களில் ஜே. வி. ரமணமூர்த்தி அதை மூன்று மணி நேரத்துக்குள் அடக்கி, தானே கிரீசமாக நடித்து, பல ஆண்டுகள் ஊர் ஊராகக் கொண்டுபோனார். நாம் ‘சங்கராபரணம்’ படத்தில் பார்த்த சோமயாஜுலு அவருடைய அண்ணா. ராமப்ப பந்துலுவாக நடித்தவர். பழைய நாடகம் மறுபடி உயிர் பெற்றது இவர்களைப் போன்றவர்களால்தான். (நாடகப் பெருமையில் எங்கள் சித்தூரும் சளைத்ததல்ல. நாகையாவின் பெயருக்கு முன்னால் எங்கள் ஊர் வந்து ஒட்டிக்கொண்டதே மேடையால்தான்!)

கிரீசம் எல்லோருக்கும் பிடித்த பாத்திரம். விதவா விவாகம் பற்றிப் பிரமாதமாகப் பிரசங்கம் செய்வான். கண் முழுக்க புச்சம்மா மேல். அவன் பேச்சை வேண்டுமானால் பாதியாகக் குறையுங்கள். புச்சம்மா வரும் காட்சிகளில் கை வைக்காதீர்கள்.

எங்கள் வீட்டிலும் ஒரு புச்சம்மா உண்டு. தாத்தாவின் தங்கை. ஒன்பது வயதில் கல்யாணம், பதினொன்றில் எல்லாம் முடிந்தது. சமையலறைக்குப் பின்னால் இருந்த இருட்டு அறையில் அறுபது வருஷம் இருந்தாள். எங்களுக்கு அவள் ‘அத்தைப்பாட்டி’. அவள் பெயர் என்ன என்று கேட்கக்கூட எங்களுக்குத் தோன்றியதில்லை.

அதெல்லாம் பழங்கதை என்பீர்கள். பிற்பாடு பணம் திசை மாறி வரதக்ஷிணையாயிற்று. 1961-ல் அதற்கும் தடைச் சட்டம் வந்தது. இப்போது பெண் கிடைக்கவில்லை என்று உத்தரப் பிரதேசம், பீகார் வரை தேடுகிறோம். 2021-ல் பத்திரிகைகளில் செய்தியாகவே வந்தது. “கல்யாணச் செலவு முழுக்க எங்களுடையது, பெண்ணைக் கொடுத்தால் போதும்” என்று பிள்ளை வீட்டார் சொல்வது என் காதிலேயே விழுகிறது. பாவம், அவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் ஏழைத் தகப்பனார் காதில் அது எப்படி விழும்? லுப்தாவதானியின் பேரக் காட்சியை நம் ஹாலில் உட்கார்ந்து பார்க்கும்போது இந்தக் கேள்வி எழட்டுமே.

ஒத்திகை ஞாயிறுதோறும் சாயங்காலம் நான்கு மணிக்கு. கிரீசம் வேஷத்துக்கு ஐந்து பையன்கள் போட்டி போடுகிறார்கள். புச்சம்மாவுக்கும் வெங்கம்மாவுக்கும் இன்னும் ஆள் வரவில்லை. வெங்கம்மா வேஷத்துக்கு மாமிகளில் யாராவது முன்வர வேண்டும். “விதவை வேஷம் அபசகுனம்” என்று பெண் குழந்தைகளைத் தடுக்காமல் அனுப்பி வையுங்கள்.