பிறக்கும்போதே நேரா இருக்கணும்: எலெக்ட்ரான் கன்னின் கதை

அம்பத்தூர் எஸ்டேட்ல வேலை பார்க்கிற யாரைக் கேட்டாலும் ஒரு விஷயம் சொல்வாங்க. காஸ்டிங்ல ப்ளோஹோல் இருந்தா, அதுக்கப்புறம் எவ்வளவு நல்ல மெஷின்ல போட்டு ஓட்டினாலும் ஜாப் தேறாது. ஆரம்பத்துல இருக்கிற குறை கடைசி வரைக்கும் கூடவே வரும். இன்னைக்கு நாம பேசப்போறது கிலோமீட்டர் கணக்கில் நீளமான விஞ்ஞான இயந்திரங்களைப் பத்தி. அங்கேயும் இதே சட்டம்தான் செல்லும். அந்த இயந்திரத்தோட தலைவிதியை முடிவு பண்றது, அதன் வாசல்ல இருக்கிற, அரைச் சாண் நீளம்கூட இல்லாத ஒரு செப்புப் பெட்டி. அதுக்குப் பேர் எலெக்ட்ரான் கன்.

எலெக்ட்ரான் கன் உங்களுக்குப் புதுசு இல்லை. பழைய பிக்சர் ட்யூப் டிவி இருந்த வீட்டில் எல்லாம் ஒண்ணு இருந்தது. ஒரு உலோக முனையைச் சூடாக்கினா அதிலிருந்து எலெக்ட்ரான் கிளம்பும். சுமார் 25,000 வோல்ட் கொடுத்து இழுத்தா அது திரையில போய் மோதும், படம் தெரியும். எக்ஸ்ரே ட்யூபும் அதே குடும்பம்தான். திரைக்குப் பதிலா எலெக்ட்ரான் ஒரு உலோகத்துல மோதுது, எக்ஸ்ரே வருது. எக்ஸ்ரே படங்களோட உதவியாலதான் 1954-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், நம்ம தோலையும் எலும்பையும் தாங்கிப் பிடிக்கிற கொலாஜன் புரதம் மூன்று இழைகள் முறுக்கின கயிறு மாதிரி இருக்குன்னு சொன்னாங்க.

ஆனா எக்ஸ்ரே ட்யூப்ல ஒரு கஷ்டம். அதோட ஒளி நாலா பக்கமும் சிதறும். ரொம்பச் சின்ன, ரொம்பச் சிக்கலான பொருளைப் பார்க்க அது போதாது. அதனால அடுத்த தலைமுறை வேற வழி கண்டுபிடிச்சது. கிட்டத்தட்ட ஒளியின் வேகத்துல போற எலெக்ட்ரானைக் காந்தத்தால வளைச்சா, அது முன்பக்கமா ஒரு மெல்லிய கற்றையா எக்ஸ்ரேயை வீசும். இதுதான் சிங்க்ரோட்ரான். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் ரைபோசோமின் அமைப்பைக் கண்டுபிடிச்சு 2009-ல் நோபல் பரிசு வாங்கினாரே, அவர் பயன்படுத்தினது அமெரிக்காவில் இருந்த இப்படிப்பட்ட ஒளி மூலங்களைத்தான். நம்ம நாட்டிலும் இந்தூர்ல இண்டஸ்-2 இருக்கு. 172.5 மீட்டர் சுற்றளவு. அதுக்குள்ள எலெக்ட்ரான் நொடிக்கு 17 லட்சம் சுற்றுக்கு மேல ஓடுது.

இங்கே ஒரு முக்கியமான விஷயத்தைக் கவனிங்க. இந்த வளையங்கள் ரொம்ப தாராள மனசு உள்ளவை. எலெக்ட்ரான் கொஞ்சம் தாறுமாறா உள்ளே வந்தாலும் பரவாயில்லை. ஒவ்வொரு சுற்றிலும் அது ஒளியை வீசி ஆற்றலை இழக்கும். இழந்ததை இயந்திரம் முன்னோக்கிய திசையில மட்டும் திருப்பிக் கொடுக்கும். பக்கவாட்டு ஆட்டத்துக்கு யாரும் எதையும் திருப்பித் தர்றதில்லை. அதனால சில மில்லிசெகண்டுல பழைய ஆட்டம் எல்லாம் அடங்கிடும். எலெக்ட்ரான் எப்படிப் பிறந்ததுங்கிறதை வளையம் மறந்துடும். ஒளியின் தரத்தைத் தீர்மானிக்கிறது வளையத்தோட வடிவமைப்பு, கன் இல்லை.

இதை மாத்தினது எக்ஸ்ரே லேசர். ஃப்ரீ எலெக்ட்ரான் லேசர்னு பேர், சுருக்கமா எஃப்இஎல். 2009 ஏப்ரல்ல கலிஃபோர்னியாவின் எஸ்எல்ஏசி ஆய்வகத்துல எல்சிஎல்எஸ் என்கிற முதல் கடின எக்ஸ்ரே லேசர் ஒளிர்ந்தது. அதன் துடிப்பு ஃபெம்டோசெகண்ட் கணக்குல வந்து போகும். ஒரு நொடியை லட்சம் கோடியாப் பிரிச்சு, அதில் ஒரு பங்கை இன்னும் ஆயிரமாப் பிரிச்சா ஒரு ஃபெம்டோசெகண்ட். புரதப் படிகத்துல அந்த ஒளி பட்டதும் படிகம் சிதறிடும். ஆனா சிதறுறதுக்கு முன்னாடியே படம் எடுத்து முடிஞ்சிருக்கும். பெரிய படிகமா வளராத புரதங்களை, நகர்ந்துகிட்டு இருக்கிற புரதங்களை இப்படித்தான் பார்க்கிறாங்க. மருந்து கண்டுபிடிக்கிறவங்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிச்சுப் பாருங்க.

எஃப்இஎல்-ல வளையம் கிடையாது. எலெக்ட்ரான் நேர்கோட்டுல ஒரே ஒரு தடவைதான் போகும். ஆட்டம் அடங்குறதுக்கு நேரமே இல்லை. கோடிக்கணக்கான எலெக்ட்ரான்கள் ஒரே தாளத்துக்கு அடி வைக்கிற மாதிரி வரிசையா சேர்ந்தாதான் லேசர் உண்டாகும். அணு அளவு அலைநீளத்துக்கு அந்த வரிசை நிக்கணும்னா, பக்கவாட்டு ஆட்டம் கிட்டத்தட்ட இருக்கவே கூடாது. கன்ல பிறந்த குறை, ஒரு கிலோமீட்டர் தாண்டி லேசர் வரைக்கும் வரும்.

அந்தக் குறைக்கு எமிட்டன்ஸ்னு பேர். காலையில ஆவடி ஸ்டேஷன்ல ட்ரெயின் வந்து நிக்குதுன்னு வெச்சுக்கோங்க. இறங்குற கூட்டம் ஒரு குறுகின கேட் வழியா வெளியே வரணும். கேட்டுக்கிட்ட எல்லாரும் நெருக்கமாத்தான் வருவாங்க. ஆனா அப்படி நெருக்கினதுக்கு விலையா, தாண்டினதும் ஆளுக்கொரு பக்கமா விரிவாங்க. எலெக்ட்ரானும் அப்படித்தான். காந்த லென்ஸ் வெச்சு கற்றையைச் சின்னதாக்கினா கோணம் விரியும். அகலத்தையும் கோணத்தையும் பெருக்கினா வர்றதுதான் எமிட்டன்ஸ். எவ்வளவு நல்ல லென்ஸ் போட்டாலும் அது குறையாது. குறைஞ்ச எமிட்டன்ஸ்ல நிறைய கரண்ட் இருந்தா, அந்தக் கற்றைக்கு பிரைட்னஸ் அதிகம்னு சொல்வாங்க.

இதுக்கு வழி 1980-களில் லாஸ் அலமாஸ்ல பிறந்தது. முனையைச் சூடாக்காம, லேசர் துடிப்பால தட்டி எலெக்ட்ரானை எடுக்கிற ஃபோட்டோகேதோடு கன். எல்சிஎல்எஸ்-ல ஒரு செப்புத் தகட்டின் மேல புற ஊதா லேசர் படும். வெளியே வந்ததும் எலெக்ட்ரான்கள் ஒண்ணை ஒண்ணு தள்ளும், எல்லாமே ஒரே மின்சுமை ஆச்சே. தள்ளுமுள்ளு பெருசாகுறதுக்கு முன்னாடி வேகத்தை ஏத்தணும். அதனால மைக்ரோவேவ் ஆற்றலைக் கொடுத்து, அந்த அரைச் சாணுக்குள்ளேயே 60 லட்சம் வோல்ட்டுக்குச் சமமான ஆற்றலுக்குக் கொண்டுபோறாங்க. பழைய டிவியைவிட 200 மடங்குக்கு மேல.

அடுத்த பிரச்சினை கேதோடு. செம்பு உழைக்கும், ஆனா கஞ்சம். லட்சம் ஃபோட்டான் பட்டா சில எலெக்ட்ரான்தான் தரும். சீசியம் டெலுரைடு பூச்சு நூறுக்குச் சில எலெக்ட்ரான் தரும், ஆனா வெற்றிடம் கொஞ்சம் கெட்டாலும் அதுவும் கெட்டுடும். நொடிக்கு 10 லட்சம் துடிப்பு வரை தரக்கூடிய எல்சிஎல்எஸ்-2, 2023 செப்டம்பர்ல முதல் ஒளியைக் கொடுத்தது. அந்த வேகத்துக்குச் செம்பு தாங்காது, அதனால சீசியம் டெலுரைடு. ஜப்பானின் சாக்லா வேற பாதை எடுத்தது. சூடாக்கின சீரியம் ஹெக்ஸாபோரைடு படிகம், 5 லட்சம் வோல்ட், பழைய டிவி குடும்பத்தோட ரொம்ப நேர்த்தியான பிள்ளை. ஆக, ஒரே விடை இல்லை. 2020-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒற்றைச் செப்புப் படிகத்தை மைனஸ் 238 டிகிரிக்குக் குளிர்விச்சு, எலெக்ட்ரானோட பக்கவாட்டு ஆட்டத்தை, அறை வெப்பநிலையில இருக்கிறதுல ஐந்தில் ஒரு பங்காக் குறைச்சுக் காட்டினாங்க. ஆட்டம் எவ்வளவு குறையுதோ அவ்வளவு குறைவா எலெக்ட்ரான் வருதுங்கிறதுதான் அங்கே இன்னும் தீராத இழுபறி.

இப்ப நம்ம கதை. இந்தூர்ல அகச்சிவப்பு ஒளி தரும் எஃப்இஎல் ஒண்ணு இருக்கு. எக்ஸ்ரே எஃப்இஎல் இந்தியாவில் இல்லை. நம்ம ஆய்வாளர்கள் ஹாம்பர்க், ட்ரியஸ்தே, சுகுபான்னு வெளிநாட்டு சிங்க்ரோட்ரான்கள்ல, நாடு பணம் போட்டு வாங்கின நேரத்துல வேலை செய்றாங்க. சில நாள் கிடைக்கும். அதுக்குள்ள படிகம் சரியா அமையலைன்னா திரும்பி வந்து அடுத்த வாய்ப்புக்குக் காத்திருக்கணும்.

டெல்லியில் ஐயூஏசி என்கிற ஆய்வு மையம் டெல்லி லைட் சோர்ஸ்னு ஒரு சின்ன திட்டத்தை எடுத்திருக்கு. சுமார் 80 லட்சம் எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல், 2860 மெகாஹெர்ட்ஸ்ல ஓடுற செப்பு கன், அதிலிருந்து டெராஹெர்ட்ஸ் ஒளி. எக்ஸ்ரே இல்லை. ஆனா இதுல கத்துக்கிறதுதான் எக்ஸ்ரே எஃப்இஎல்-க்கும் அடிப்படை.

அந்தச் செப்புப் பெட்டியைப் பத்தி எஸ்டேட் நண்பர்களுக்கு ஒரு கணக்கு சொல்றேன். உள் ஆரம் சுமார் 4 சென்டிமீட்டர். அதுல 10 மைக்ரான், அதாவது தலைமுடி தடிமன்ல ஏழுல ஒரு பங்கு கூடினா, அதிர்வெண் சுமார் 0.7 மெகாஹெர்ட்ஸ் விலகும். அப்புறம் பெட்டி மைக்ரோவேவை ஒழுங்கா வாங்கிக்காது. ஒரு டிகிரி சூடு ஏறினாலே சுமார் 50 கிலோஹெர்ட்ஸ் நகரும். அதனால குளிர்விக்கிற தண்ணீரோட வெப்பநிலையைக்கூட டிகிரியின் பின்னத்துல கட்டுப்படுத்தணும். சுத்தமான செம்பைக் கடைஞ்சு, மேற்பரப்பைக் கண்ணாடியாக்கி, துண்டுகளை பிரேஸிங் பண்ணி, கசிவு இல்லாத வெற்றிடம் உண்டாக்கணும். இதுல பாதி வேலை இயற்பியல். மீதிப் பாதி நல்ல ஃபிட்டர், நல்ல மெஷினிஸ்ட், நல்ல வெல்டர் செய்ற வேலை.

கிலோமீட்டர் நீள இயந்திரத்துக்கு நாடு முழுக்கச் சேர்ந்து காசு போடணும். கன்னை உருவாக்கிச் சோதிக்க, தடுப்புச் சுவர் கட்டின ஒரு ஹால் போதும். ஒளியின் தரத்தை முடிவு பண்ற இடமும் அதுதான். அதனால ஆவடியிலயோ பூந்தமல்லியிலயோ டிப்ளமோவோ பிஎஸ்சி இயற்பியலோ படிச்சுக்கிட்டு இதைக் கேட்கிறவங்க, வேக்யூம், மைக்ரோவேவ், லேசர் இந்த மூணுல ஒண்ணைக் கையில எடுத்துப் பாருங்க. இந்தத் துறைக்குள்ள போக அதுவே ஒரு நல்ல வாசல்.

கேள்வி இருந்தா எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.